உயிரிழந்த பாட்டரிக்கு மறுவாழ்வு உண்டா?



சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரத்தில் வாழும் என் தமக்கையார், பரண்மேல் ஈராண்டு கிடந்த மடிக்கணினியை மகனின் படிப்புக்காக அண்மையில் இறக்கினார். சார்ஜரை இணைத்திருக்கும்வரை இயங்கியது, எடுத்தவுடன் அணைந்துவிட்டது. பாட்டரியைப் பிரித்து உள்ளே நேராக மின்சாரம் செலுத்தினால் பிழைத்துவிடும் என்று எவரோ யோசனை கூறினாராம். அது தகுமா?

பழைய மடிக்கணினியின் பாட்டரிக்குள் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட லிதியம் அயனி மின்கலங்கள் சில இருக்கும். இவ்வகை மின்கலத்தை 1991-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஸோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. பொதுவாக ஒவ்வொன்றும் நிறைவில் 4.2 வோல்ட் காட்டும், சுமார் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. இவ்வெல்லைகளைக் காக்கச் சிறியதொரு மின்சுற்றும் உடன் உண்டு.

நோய் இருவகைப்படும். முதலாவது, கணக்குப் பிழை. பாதி இருப்பதாகக் காட்டிக்கொண்டே கணினி திடீரென அணையும். முழுதும் ஏற்றி, தானே அணையும்வரை பயன்படுத்தி, மீண்டும் முழுதும் ஏற்றினால் கணக்கு சீர்படலாம். ஆயினும் தேய்ந்த கொள்ளளவு திரும்பாது.

இரண்டாவது, நெடுநாள் கிடந்து மின்கலமே வறண்டுபோதல். அதற்குரிய சார்ஜரைச் சில மணி நேரம் இணைத்து, அருகிலிருந்து பார்க்கலாம். வறட்சி சிறிதாயின் மின்சுற்றே மெல்ல மின்சாரம் ஏற்றி மீட்கும். ஏற்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். மிகவும் வறண்ட மின்கலத்தில் உட்புறச் செப்புத்தகடு கரைகிறது. மீண்டும் மின்சாரம் பாயும்போது அச்செம்பு கண்டவிடத்திற் படிந்து, உள்ளேயே குறுக்குத் தொடர்பை உண்டாக்கும். விளைவு தீ! மின்சுற்று கதவடைப்பது நம்மைக் காப்பதற்கே. குளிர்பெட்டியில் வைப்பதாலும் பயனில்லை. உப்பிய பாட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்துவதும், குத்துவதும் பேராபத்து.

சாந்திபுரத்தார் அறிந்த திருப்பதியிலேயே இன்று லிதியம் மின்கல ஆலை உண்டு. சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனத்தின் அவ்வாலை 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டில் மத்திய அரசு வகுத்த பாட்டரிக் கழிவு விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. ஆகவே அதனைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

தமக்கையாருக்கு நான் எழுதியது இதுதான்: பாட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரின் துணையோடு பையன் படிக்கட்டும், பணம் சேர்ந்ததும் புதியது வாங்கலாம். வீட்டைவிடப் பாட்டரி பெரிதன்று.