600 கிலோ காளையும் பத்து வயதுச் சிறுமியும்

அமெரிக்கக் கிராமப்புறச் சந்தைத் திடல்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஏறக்குறைய 600 கிலோ எடையுள்ள இறைச்சிக் காளையை, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கயிறு பிடித்து நடத்தி வருவாள். மறு கையில் கொக்கி வைத்த நீளக் குச்சி. அடிப்பதற்கு அல்ல, கால்களைச் சரியாக வைக்கவும், வயிற்றைச் சொறிந்து அமைதிப்படுத்தவும்தான். அங்கே நடக்கும் ஒரு போட்டியில் மாட்டின் சதைப்பிடிப்புக்கு மதிப்பெண். இன்னொன்றில், மாட்டைக் கையாளும் பிள்ளைக்கே மதிப்பெண்!

இந்தப் போட்டிகளை நடத்துவதில் முக்கியமானது ‘ஃபோர்-எச்’ இளைஞர் இயக்கம். 1902இல் ஒஹாயோ மாநிலத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய சிறுவர் குழுவே அதன் வேர். புதிய வேளாண் முறைகளைப் பெரியவர்கள் ஏற்கத் தயங்கினார்கள். பிள்ளைகளோ செய்து பார்த்தார்கள். அப்பாக்கள் வேலிக்கு அப்பாலிருந்து கவனித்தார்கள்.

போட்டிக்காக வளர்க்கும் கன்றை வாங்கிய விலை, தீவனச் செலவு, எடை எல்லாவற்றையும் பிள்ளைகளே கணக்கு நோட்டில் எழுத வேண்டும். சந்தையின் கடைசி நாளில் காளைகள் ஏலம் போகும். பணம் பலருக்கு மேல்படிப்புக்குப் போகும். காளை இறைச்சிக்கூடத்துக்கு. அன்று மாலை, வெறும் கயிற்றோடு நிற்கும் பிள்ளைகள் அழுவது அங்கே வழக்கம்தான்.