கட்டம் கட்டமாக ஒரு கைப்பை!

குரோஷா ஊசி ஒன்று. நூல் உருண்டை சில. இவை இருந்தால் போதும். வீட்டிலேயே அழகான கைப்பை பின்னிவிடலாம்.

முழுப் பையையும் ஒரே மூச்சில் பின்ன வேண்டியது இல்லை. உள்ளங்கை அளவில் சிறு சிறு சதுரங்களாகப் பின்னலாம். உலை கொதிக்கும் நேரத்தில் கொஞ்சம், பிள்ளைகள் தூங்கிய பிறகு கொஞ்சம் என்று வேலை நடக்கும். மிச்சம் மீதி நூலும் வீண் போகாது.

ஆனால், பல வீடுகளில் சதுரங்கள் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. காரணம் என்ன? இணைப்பது எப்படி என்று தெரியாததுதான். அவசரமாக இணைத்தால் கடைத்தெருவில் தையல் விட்டுவிடும். வெங்காயம் உருண்டு ஓடும்! பையின் உயிர் இணைப்பில்தான் இருக்கிறது.

21 சதுரங்கள்

ஒவ்வொரு சதுரமும் 4 அங்குலம் இருக்கட்டும். வரிசைக்கு 3 வீதம் 7 வரிசைகள். மொத்தம் 21 சதுரங்கள். இணைத்த பின் 12 அங்குல அகலமும் 28 அங்குல நீளமும் இருக்கும். இரண்டாக மடித்தால் 14 அங்குல ஆழமுள்ள பை கிடைக்கும்.

ஏன் 7 வரிசை? 6 வரிசை வைத்தால் அடி மடிப்பு சரியாகத் தையலின் மேல் விழும். சுமை முழுவதும் அந்தத் தையலில் இறங்கும். 7 வரிசை வைத்தால் மடிப்பு சதுரங்களின் நடுவில் விழும். தையலுக்குச் சிரமம் குறையும்.

இணைப்பது எப்படி?

முதலில் சதுரங்களை நனைத்துப் பிழியுங்கள். ஒரே அளவாக இழுத்து, குண்டூசி குத்திக் காய வையுங்கள். எல்லாச் சதுரங்களின் ஓரத்திலும் கண்ணிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பை கோணிக்கொள்ளும்.

இரண்டு சதுரங்களின் நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி சேர்த்துப் பிடியுங்கள். பெரிய காதுள்ள மொட்டை ஊசியால் ஓரத்தைத் தையுங்கள். ஓரத்துக் கண்ணி ஒவ்வொன்றிலும் இரண்டு இழைகள் உண்டு. இரண்டையும் சேர்த்துக் குத்தினால்தான் பலம். நூலை இறுக்கி இழுத்தால் சுருங்கும். தளர விட்டால் வாய் பிளக்கும்.

குறுக்கு இணைப்புகள் ஆறையும் முதலில் முடியுங்கள். பிறகு நெடுக்கு இணைப்புகள் இரண்டு. நான்கு மூலைகள் கூடும் இடத்தில் ஓட்டை விழும். அங்கே குறுக்காக ஒரு தையல் கூடுதலாகப் போடுங்கள். நூல் முனையை ஒட்ட வெட்டிவிடக் கூடாது. 6 அங்குலம் விட்டு, முன்னும் பின்னுமாகப் பின்னலுக்குள் செருகிவிடுங்கள்.

கடைசியாக மடித்து, இரு பக்கமும் தையுங்கள். உள்ளே கெட்டித் துணியில் லைனிங் அவசியம். கைப்பிடியை அந்தத் துணியோடும் சேர்த்துத் தைத்தால் பின்னல் இழுபடாது.

இணைக்கும் கைகள்

வீட்டில் பொழுதுபோக்காக இருக்கும் இந்த வேலை, பலருக்குப் பிழைப்பு!

ஆந்திராவின் கோதாவரிக் கரையில் இருக்கிறது நரசாப்பூர். அந்த ஊரின் குரோஷா லேஸ் வெளிநாடுகளுக்கும் போகிறது. 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 19-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் அங்கே இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஜெர்மன் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்தார். 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு பெண் துண்டுகளைப் பின்னுவாள். இன்னொரு பெண் அவற்றை இணைப்பாள். இப்படி வேலை பங்கு பிரிந்திருந்தது. நாள்தோறும் பல மணி நேரம் அவர்கள் உழைத்தார்கள். ஆனாலும் ஊரார் கண்ணுக்கு அவர்கள் தொழிலாளிகளாகத் தெரியவில்லை. “வீட்டுப் பெண்கள், சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுகிறார்கள்” என்றே எண்ணினார்கள். அதனால் கூலியும் அற்பம். லாபம் வியாபாரிகளுக்குப் போயிற்று என்பதை அந்த நூல் எடுத்துக்காட்டியது.

21 சதுரங்களை ஒரு முறை இணைத்துப் பாருங்கள். எத்தனை மாலைப் பொழுதுகள் கரைகின்றன என்பது தெரியும். பிறகு கடையில் கைப்பின்னல் பை ஒன்றைப் பார்த்தால், “நூல்தானே, இவ்வளவு விலையா?” என்று பேரம் பேச மனம் வராது.