திங்கட்கிழமை வயிற்றுவலி

ஞாயிறு இரவு வரை ஆடிப்பாடிய பிள்ளை, திங்கட்கிழமை காலையில் யூனிஃபார்மைப் பார்த்ததும் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்கிறது. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்க்கிறார், ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த வலி நிஜம். குடலும் மூளையும் நரம்புகளால் இணைந்தவை; மனம் கலங்கினால் குடலின் அசைவும் மாறும். பரிசோதனைகளில் கோளாறு இல்லை என்று உறுதியானபின் அடுத்து விசாரிக்க வேண்டியது வகுப்பறையைப் பற்றித்தான்.

பயத்தில் மறந்துபோகும் வாய்ப்பாடு

வீட்டில் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்த பிள்ளை, போர்டு முன்னால் நின்றதும் திருதிருவென விழிக்கும். சோம்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயம் வந்தால் உடலில் அட்ரினலினும் கார்டிசாலும் கூடுகின்றன. கவனத்துக்கும் யோசனைக்கும் பொறுப்பான மூளையின் முன்பகுதி சரியாக வேலை செய்யாது. பிரம்பை எடுத்தால்தான் படிப்பு வரும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பயத்தைப் போலவே ஒதுக்கப்படுவதும் மூளையைப் பாதிக்கிறது. 2003இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் பந்து எறியும் விளையாட்டு. பாதியில் ஒருவருக்கு மட்டும் பந்து வருவது நின்றுவிடும். அப்போது அவர் மூளையில், உடல் வலியோடு தொடர்புள்ள ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. இன்டர்வெல்லில் யாரும் சேர்த்துக்கொள்ளாமல் சுவரோரம் நிற்கும் பிள்ளைக்கு வலிக்காமலா இருக்கும்?

பேப்பர் கொடுக்கும் நாள்

மனிதருக்கு மூன்று அடிப்படை உளத்தேவைகள் உண்டு என்பது எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் ஆகிய உளவியலாளர்களின் கருத்து. நான் இவர்களில் ஒருவன், என்னால் முடியும், என் விருப்பத்துக்கும் இங்கே இடமுண்டு. இந்த மூன்றும் ஒரே பீரியடில் நொறுங்கும் நாள் ஒன்று உண்டு. விடைத்தாள் கட்டோடு ஆசிரியர் வருகிறார். பேரைச் சொல்லி, மார்க்கைச் சத்தமாகப் படித்து, "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று தாளை வீசுகிறார். வகுப்பு சிரிக்கிறது. குனிந்து தாளைப் பொறுக்கும் பிள்ளைக்கு அதன்பின் பாடம் காதில் விழுவதில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வசைச்சொல்லும் அதில் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

அதே தாளை மடித்துக் கையில் கொடுக்கலாம். "மூணாவது ஸ்டெப் வரைக்கும் சரியா போட்டிருக்கே, இங்க கூட்டல்லதான் விட்டுட்ட" என்று விரலால் காட்டலாம். அதற்கு அரை நிமிடம் போதும்.

இரண்டு நிமிடப் பேச்சு

எதற்கும் ஒட்டாத, முறைத்துக்கொண்டே இருக்கும் பிள்ளையிடம் தினமும் இரண்டு நிமிடம், தொடர்ந்து பத்து நாள், படிப்பைத் தவிர வேறு எதைப் பற்றியாவது பேசிப் பாருங்கள் என்கிறார் அமெரிக்கக் கல்வியாளர் ரேமண்ட் விளாட்கோவ்ஸ்கி. கபடி, வீட்டு ஆட்டுக்குட்டி, நேற்று பார்த்த சினிமா, எதுவும் சரி. அறிவுரை மட்டும் வேண்டாம்.

மனத்தின் தேவைகளோடு உடலின் தேவைகளையும் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை எரிச்சலோடுதான் உட்காரும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் அருமை இங்கேதான் புரிகிறது. "மிஸ், ஒன்னுக்கு" என்று கேட்கத் தயங்கி அடக்கிக்கொள்ளும் பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்று வர வாய்ப்பு அதிகம். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்குவதையும் நிறுத்த வேண்டும். பல பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கும் நேரம் அது ஒன்றுதான்.

ஆசிரியர் தனியாகச் சுமக்க வேண்டாம்

திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொள்வது, கையில் கீறல்கள், செத்துப்போறேன் என்ற சொல், இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் பேசி மருத்துவ உதவி தேட வேண்டும். வீட்டிலேயே ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 14416. இலவசம், எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நாற்பது பிள்ளைகளின் பாரத்தோடு வீடு திரும்பி, தூக்கம் வராமல் புரளும் ஆசிரியருக்கும் அதே 14416தான்.