அம்பை நோவானேன்?

பிழைப்பின் நிமித்தம் ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர் குடும்பங்களில் கார் ஓர் ஆடம்பரப் பொருளாயிருந்த நிலை மாறி வெகு காலமாகிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், ஊரிலிருந்து வரும் பெற்றோரை ரயிலடியிலிருந்து அழைத்துவரவும் அது வேண்டியிருக்கிறது. சென்ற குளிர்காலத்தில் டில்லியில் எங்கள் வண்டி எங்களைப் படுத்திய பாட்டையும், அதனால் யாம் கற்றதையும் அன்பர்களுக்குச் சொல்லுவது நலம் என்று கருதுகிறோம்.

வண்டியின் புகைக்குழாய் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. அசல் உறுப்பின் விலை மலைக்கவைத்தது. ஆகவே வேறொருவர் தயாரித்த குழாயை ஏறக்குறைய பாதி விலைக்கு வாங்கிப் பொருத்தச் செய்தோம். இரைச்சல் அடங்கியது, மனமும் குளிர்ந்தது. மூன்றாம் நாள் ஸ்டியரிங்குக்கு எதிரே, எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. “ஆக்ஸிஜன் சென்ஸார் போய்விட்டது, சாஹப்” என்றார் மெக்கானிக். சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிது போட்டோம். இரண்டே நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது! பெட்ரோல் செலவும் ஏறிற்று.

இந்தச் சென்ஸார் செய்யும் வேலை யாது? எரிந்து வெளியேறும் புகையில் பிராணவாயு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறிந்து, எஞ்சினை ஆளும் கணினிக்கு மின்குறியாகத் தெரிவிப்பதே. 1976-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வால்வோ கார்களில் இது முதன்முதல் இடம்பெற்றது. நம் நாட்டில் 1995-இல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. இன்றைய கார்களில் பெரும்பாலும் கன்வெர்ட்டருக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு சென்ஸார்கள் உள்ளன. முன்னது பெட்ரோலின் அளவைத் திருத்த உதவுகிறது. பின்னது கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காவல் புரிகிறது.

எங்கள் வண்டியின் குறையை வேறொரு பட்டறையிலிருந்த முதியவர் ஒருவர் கண்டுபிடித்தார். எஞ்சின் ஆறியிருக்கையில், பின்குழாய் வழியே காற்றை மெல்லச் செலுத்தி, இணைப்புகளில் சோப்புநீர் தடவினார். முன் சென்ஸாருக்குச் சற்று முன்னேயிருந்த இணைப்பில் நுரை பொங்கிற்று. புதுக் குழாயின் வாய்த்தட்டு நூலளவு கோணல். காஸ்கட் சரியாகப் படியவில்லை. புகையோ சீராகச் செல்வதில்லை. துடித்துத் துடித்தே செல்கிறது. இரு துடிப்புகளுக்கிடையே அழுத்தம் தாழும்போது அந்தச் சந்தின் வழியே வெளிக்காற்று உள்ளே புகுகிறது. அதிலுள்ள பிராணவாயுவைக் கண்ட சென்ஸார், பெட்ரோல் போதவில்லை என்று அறிவிக்கிறது. கணினியும் அதை நம்பி மேலும் ஊற்றுகிறது. சென்ஸார் தன் முன் வந்ததைத்தான் சொல்லிற்று. எய்தவன் இருக்க யாம் அம்பை நொந்தோம்!

பணம் போனது பெரிதன்று. அதே சந்தின் வழியே வெளிப்பட்ட புகையில் கார்பன் மோனாக்ஸைடு உண்டு; நிறமும் மணமும் அற்ற நஞ்சு அது. குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின்னாசனத்தில் குழந்தைகளை உறங்கவைத்துச் சென்ற நாட்களை எண்ணினால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

ஆகவே விளக்கு எரிந்தால் முதலில் கோட் ரீடரைக் கொண்டு குறியெண்ணை அறிந்து எழுதிக்கொள்ளுங்கள். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று தோன்றுகிறது. காற்று எங்கே புகுகிறது என்று தேடவேண்டும். பி0420 என்றால் கன்வெர்ட்டரின் சுத்திகரிப்புப் போதவில்லை. மலிவான கன்வெர்ட்டர்களில் இது அடிக்கடி நேரும். பி0135 என்றால் முன் சென்ஸாரைச் சூடாக்கும் மின்சுற்றில் கோளாறு. ஒயர் சூடான குழாயில் பட்டு உருகியதா, பிளக் சரியாக மாட்டப்பட்டதா, ஃப்யூஸ் போயிற்றா என்று பார்க்கவேண்டும். இவையெல்லாம் பழுதற்றிருந்தால் மட்டுமே சென்ஸாரை மாற்றத் துணியலாம். கசிவை அடைக்கச் சாதாரண சிலிக்கோன் பசையைப் பூசவிடாதீர்கள். அதன் ஆவி சென்ஸாரைக் கெடுத்துவிடும். பின் சென்ஸாருக்கு அப்பாலுள்ள சைலன்ஸரை மட்டும் மாற்றுவோருக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

விளக்கை அணைத்துத் தருகிறோம் என்று, பின் சென்ஸாரைப் புகையோட்டத்திலிருந்து விலக்கிப் பொருத்தும் தந்திரமும் கடைத்தெருவில் உண்டு. அது காவற்காரனின் கண்ணைக் கட்டுவதாகும். காற்றை மாசுபடுத்தும் வண்டியை ஓட்டுவோருக்கு அபராதத்தை ரூ.10,000 வரை உயர்த்தியது 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம். அபராதம் கிடக்கட்டும், இந்நகரின் காற்றைச் சுவாசிப்பவர்கள் நம் குழந்தைகள் அல்லவா?

வாய்த்தட்டைச் சீர்செய்து, சில நூறு ரூபாயில் புதுக் காஸ்கட் வைத்ததும் விளக்கு அணைந்தது, இன்றுவரை எரியவில்லை. வீணாகக் கழற்றியெறியப்பட்ட பழைய சென்ஸாரைச் சோதித்ததில் அது நல்ல நிலையிலேயே இருந்தது. அதை எங்கள் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். கோளாறு வந்தால், கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பார்க்கவேண்டும் என்பதை அது எங்களுக்கு நாள்தோறும் நினைவூட்டுகிறது.