பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற எண்ணெய் எது?

மாட்டு வண்டியின் அச்சுக்கு மை இடுவது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். வைக்கோலைக் கரித்து, அதை விளக்கெண்ணெயில் குழைத்து, குழாயில் அடைத்து வண்டியிலேயே கட்டி வைத்திருப்பார்கள். இரும்பும் இரும்பும் நேரே உரசினால் இரண்டும் தேயும். இடையே வழவழப்பான பொருள் ஒன்று நின்றால் இரண்டும் பிழைக்கும் என்பதே இதன் தத்துவம். மோட்டார் சைக்கிளின் எஞ்சினுள் நடைபெறுவதும் இதுவே. ஆயினும் அங்கே வேகமும் வெப்பமும் பன்மடங்கு அதிகம்.

சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவான வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் வண்டிகள் இன்றும் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தயாரித்த என்பீல்டு இந்தியா கம்பெனி 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1985-ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 போன்ற சிறு வண்டிகளும் பல வீடுகளில் உபயோகத்தில் உள்ளன. இவற்றின் கைநூல்கள் எழுதப்பெற்ற நாளில், எஞ்சின் எண்ணெய் என்றால் கனிம எண்ணெய் என்றே பொருள். இன்றோ கடைக்குச் செல்பவர் எதிரே இருவகைக் குப்பிகள் நிற்கின்றன. செயற்கை எண்ணெயின் விலை பெரும்பாலும் இரு மடங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல். அதனை ஊற்றினால் பழைய எஞ்சின் ஒழுகும் என்கிறார் மெக்கானிக். ஊற்றாவிட்டால் தேயும் என்கிறார் கடைக்காரர். தயாரிப்பு நின்றுபோன எஞ்சினுக்கு நல்ல உதிரி உறுப்பு கிடைப்பது வரவர அரிதாகி வருவதால், இந்த வினாவைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

முதலில் பெயரைக் கவனிப்போம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு இவ்விரு பெயர்களும் சற்றுத் தொல்லை தருபவை. 'செயற்கை' என்றவுடன், போலிப் பொருள் என்ற எண்ணம் தமிழ் வாசகருக்கு எழக்கூடும். 'கனிம எண்ணெய்' என்றால் அது மட்டுமே பூமியிலிருந்து கிடைப்பது எனத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் மூலப்பொருள் பெரும்பாலும் பெட்ரோலியம், அல்லது அதனைச் சார்ந்த வாயுக்களே. நிலத்தடியிலிருந்து எடுத்த எண்ணெயைக் காய்ச்சி வடித்து, மெழுகையும் வேண்டாத பொருள்களையும் நீக்கி எடுப்பது கனிம எண்ணெய். அதில் பலவகை மூலக்கூறுகள், பெரியனவும் சிறியனவுமாகக் கலந்திருக்கும். பெட்ரோலியத்தினின்று எத்திலீன் போன்ற சிறு மூலக்கூறுகளைப் பிரித்து, அவற்றை ரசாயன முறையில் ஒன்றோடொன்று இணைத்து, வேண்டிய அளவிலேயே கட்டி எழுப்புவது செயற்கை எண்ணெய். கருங்கல் பாறையைச் செதுக்கிச் சுவர் அடுக்குவதற்கும், ஒரே அச்சில் வார்த்த செங்கல்லால் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் மூல எண்ணெய்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டும் சாதாரணக் கனிம எண்ணெய்கள். மேலே கூறியவாறு கட்டி எழுப்பிய எண்ணெய் நான்காம் தொகுதி. எஸ்டர் முதலிய பிறவெல்லாம் ஐந்தாம் தொகுதி. நம் வண்டி மையில் சேர்ந்த விளக்கெண்ணெயும் இயற்கையான எஸ்டரே என்பது சுவையான செய்தி. மூன்றாம் தொகுதியில்தான் குழப்பம். கனிம எண்ணெயையே ஹைடிரஜன் வாயுவுடன் மிகுந்த அழுத்தத்தில் உடைத்துச் சீராக்கிச் செய்யப்படுவது அது. இதனைச் 'செயற்கை' என்று விற்கலாமா என்பது பற்றி அமெரிக்காவில் இரு பெரும் எண்ணெய்க் கம்பெனிகளிடையே தகராறு எழுந்தது. அதனை விசாரித்த விளம்பரத் துறை அமைப்பு, அவ்வாறு விற்பதில் தவறில்லை என 1999-ஆம் ஆண்டில் முடிவு கூறிற்று. ஆகவே குப்பியின் மீது 'செயற்கை' என்றிருப்பதைக் கொண்டு மட்டும் உள்ளே இருப்பது எத்தொகுதி என்று அறிய இயலாது. 'பாதிச் செயற்கை' என்ற பெயரோ இதனினும் தளர்வானது.

இனி எண்ணெயின் தலையாய குணமாகிய பாகுநிலையைப் பார்ப்போம். எண்ணெய் குளிரில் கெட்டிப்படும், வெப்பத்தில் நீர்த்துப்போகும். இம்மாற்றம் எவ்வளவு என்பதை அளக்க 1929-ஆம் ஆண்டில் டீன், டேவிஸ் என்னும் இருவர் ஒரு குறியெண்ணை வகுத்தனர். குறைவாக மாறும் பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 என்றும், மிகுதியாக மாறும் மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்றும் வைத்துக்கொண்டனர். சாதாரணக் கனிம எண்ணெய்க்கு இந்த எண் 100-ஐ ஒட்டி இருக்கும். நான்காம் தொகுதி எண்ணெய்க்கு 120-க்கும் மேல். கனிம எண்ணெயின் குறையை ஈடுசெய்ய, வெப்பத்தில் விரியும் நீண்ட பாலிமர் இழைகளை அதில் கலக்கிறார்கள். பற்சக்கரங்களுக்கு இடையே அகப்பட்டு அவ்விழைகள் அறுபடுமானால் எண்ணெய் நாளடைவில் நீர்த்துவிடும்.

செயற்கை எண்ணெய் நீர்த்த எண்ணெய், பழைய எஞ்சினுக்குப் போதாது என்று பலர் கருதுகின்றனர். இது சரியன்று. 20 டபிள்யூ 50 என்று குறித்த குப்பியில் பின்னுள்ள 50 என்ற எண், 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெயின் பாகுநிலை 16.3-க்குக் குறையாமலும் 21.9 சென்டிஸ்டோக்ஸை எட்டாமலும் இருப்பதைக் காட்டும். எண்ணெய் கனிமமாயினும் செயற்கையாயினும் விதி ஒன்றே. 50 வேண்டிய வண்டியில் 30 தர எண்ணெயை ஊற்றிவிட்டு, செயற்கை எண்ணெயால் எஞ்சின் கெட்டது என்பவர் பழியை இடம் மாற்றிச் சுமத்துகிறார்.

செயற்கை எண்ணெயின் உண்மையான மேன்மைகள் வேறு. அது கடுங்குளிரிலும் உறையாது ஓடும். மிகுந்த வெப்பத்தில் விரைவில் ஆவியாகாது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் கூடிக் கெட்டியான கசடாக மாறுவதும் குறைவு. குளிர்காலத்தில் லடாக்கில் வண்டியைக் கிளப்ப வேண்டியவருக்கு முதற்குணம் பேருதவி. சென்னையிலோ நாகபுரியிலோ வாழ்பவருக்கு அதனால் பயன் இல்லை. பின்னிரண்டு குணங்களும், கோடையில் நெடுந்தூரம் சுமையுடன் ஓடும் காற்றால் குளிரும் எஞ்சினுக்கு நிச்சயமாக நன்மை செய்வன.

ஆயினும் புல்லட்டின் பழைய எஞ்சின் கேட்பது என்ன? அதன் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர். இக்காலத்து எஞ்சின்களை நோக்க மெதுவாகச் சுழல்வது. எண்ணெய் அடிப்பெட்டியின் ஓர் அறையிலேயே தங்கி, சிறு பம்புகளால் ஏற்றி இறக்கப்படுகிறது. கியர்ப் பெட்டி தனியானது, அதன் எண்ணெயும் வேறு. கிளச்சும் தனி அறையில் இருக்கிறது. எனவே பாலிமர் இழைகளை அறுக்கும் கியர்ப் பற்களும் இல்லை, கிளச்சு வழுக்கும் அச்சமும் இல்லை. உரிய தரமுள்ள கனிம எண்ணெயே இவ்வெஞ்சினுக்குப் போதுமானது.

அதில் அதிக அழுத்தத்தைத் தாங்குவன வால்வுகளை இயக்கும் கேமும் தட்டையான டாப்பெட்டுகளும் ஆகும். இவற்றைக் காப்பது மூல எண்ணெயைவிட, அதில் கலந்துள்ள துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளே. உலோகத்தின் மேல் அது மெல்லிய படலமாகப் படிந்து, தான் தேய்ந்து உலோகத்தைக் காக்கிறது. ஆனால் கார்களின் புகைக்குழாயில் உள்ள புகை சுத்திகரிப்பானைப் பாஸ்பரஸ் கெடுத்துவிடுகிறது. இதனால் 2004-ஆம் ஆண்டில் வந்த எஸ்.எம். என்ற தர விதியில், 30-ம் அதனினும் மெலிந்ததுமான தரங்களுக்குப் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று வரம்பு கட்டினர். 20 டபிள்யூ 50 போன்ற கெட்டியான தரங்களுக்கு அவ்வரம்பு இல்லை. பழைய வண்டியில் அத்தகைய சுத்திகரிப்பானும் இல்லை. காருக்கென வந்த மெல்லிய, விலையுயர்ந்த செயற்கை எண்ணெய், இவ்வெஞ்சினுக்குச் சாதாரணக் கனிம எண்ணெயைவிடத் தாழ்ந்ததாய் முடியலாம்!

சிறு வண்டிகளின் கதை வேறு. அவற்றில் எஞ்சின், கியர், கிளச்சு மூன்றும் ஒரே எண்ணெயில் நனைந்து இயங்குகின்றன. சில ஆண்டுகளுக்கு முன், காருக்கு வாங்கி மீந்த எண்ணெயை வீணாக்குவானேன் என்று என் 100 சி.சி. வண்டியில் ஊற்றினேன். எரிபொருள் சிக்கனத்துக்கென உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த எண்ணெய் அது. ஒரு வாரத்துக்குள் மேம்பாலத்தில் ஏறுகையில் எஞ்சின் இரைந்ததே ஒழிய வண்டி நகரவில்லை. எண்ணெயை இருமுறை மாற்றியும் பயனின்றி, இறுதியில் கிளச்சுத் தட்டுகளையே மாற்ற நேர்ந்தது. மீந்த எண்ணெயால் மிச்சப்பட்டது ஒன்றுமில்லை.

குற்றம் அவ்வெண்ணெய் செயற்கையானது என்பதன்று, கிளச்சுக்கு வேண்டிய உராய்வையும் அது போக்கிவிட்டது என்பதே. இதனைத் தவிர்க்கவே ஜப்பானியத் தர அமைப்பாகிய ஜே.ஏ.எஸ்.ஓ. 1998-ஆம் ஆண்டில் எம்.ஏ., எம்.பி. என்று இரு தரங்களை வகுத்தது. எண்ணெயில் நனைந்த கிளச்சுக்கு எம்.ஏ. ஏற்றது; எம்.பி. அத்தகைய கிளச்சு இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. குப்பியில் எம்.ஏ. அல்லது பின்னர் வந்த எம்.ஏ. 2 என்ற முத்திரை இருந்தால், செயற்கை எண்ணெயையும் அச்சமின்றி ஊற்றலாம்.

ஒழுகல் பற்றிய அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆரம்ப காலச் செயற்கை எண்ணெய்களுள் சில ரப்பர் அடைப்புகளைச் சுருங்கவும், வேறு சில அவற்றை ஊதவும் செய்தன. இன்றைய எண்ணெய்களில் அவ்விரு குணங்களும் சமன் செய்யப்படுகின்றன. எனினும் இருபது முப்பது ஆண்டுகளாக இறுகி வெடித்த ரப்பரின் இடுக்கைக் கசடே அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். புதிய எண்ணெய் அக்கசடைக் கரைத்தால் மறைந்திருந்த ஒழுகல் வெளிப்படும். எந்நாளாயினும் மாற்ற வேண்டிய அடைப்புதான் அது.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். செயற்கை எண்ணெய் விரைவில் கெடாது என்பதே அதன் கூடுதல் விலைக்குக் கூறப்படும் காரணம். ஆனால் பழைய எஞ்சினில் எண்ணெய் தானாகக் கெடுவதைவிட அழுக்கேறிக் கெடுவதே அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியேறினாலும், தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே சிறிது ஆவி கீழிறங்கி எண்ணெயில் கலக்கிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில், அது வெளியேறும் அளவுக்கு எஞ்சின் சூடாவதில்லை. அத்துடன் கார்புரேட்டர் மிகுதியாக விட்ட பெட்ரோலும், கரிப்பொடியும், உலோகத் துகளும் சேர்கின்றன. புல்லட்டின் பழைய துணி வடிகட்டியும், சிறு வண்டிகளின் கம்பி வலையும் நுண்ணிய துகளைப் பிடிக்கமாட்டா. எத்தொகுதி எண்ணெயும் தன்னுள் சேர்ந்த அழுக்கைத் தானே நீக்கிக்கொள்வதில்லை.

ஆகவே 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயற்கை எண்ணெய் மாற்றும் செலவில், 2,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை நல்ல கனிம எண்ணெய் மாற்றுபவர், அழுக்கையும் இருமுறை வெளியேற்றிவிடுகிறார். என் அபிப்பிராயத்தில் நகரத்துக்குள் ஓடும் பழைய வண்டிக்கு இதுவே சிறந்த வழி. எஞ்சினைப் பிரித்து உருளையைக் கடைந்து புதிய பிஸ்டன் போட்டவர், வளையங்கள் பதியும் வரை கனிம எண்ணெயையே பயன்படுத்துவது தொழிலாளரின் பழக்கம்; அது தக்கதே. அதன்பின் கோடையிலும் நெடும்பயணம் செல்பவராயின், உரிய தரமுள்ள செயற்கை எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் வீணன்று.

எஸ்டி, ஆர்.எக்ஸ். 100 முதலிய இருவீச்சு எஞ்சின்கள் இவ்விசாரணைக்கு அப்பாற்பட்டவை. அவற்றில் எண்ணெய் பெட்ரோலுடன் சேர்ந்து எரிந்தே போவதால், அதற்கென்றே செய்த எண்ணெய் வேண்டும்.

எண்ணெயை இறக்குமுன் எஞ்சினைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்கினால், கசடு அடியில் தங்காமல் எண்ணெயோடு வெளிவரும். வடித்த எண்ணெய் அபாயகரமான கழிவு எனச் சட்ட விதிகளில் வகைப்படுத்தப்பட்டிருப்பதால், அதனைச் சாக்கடையில் ஊற்றலாகாது. பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பணிமனையில் கொடுத்துவிட வேண்டும். புல்லட் வைத்திருப்பவர் மற்றொன்றையும் நினைவில் கொள்க. பல நாள் நின்ற வண்டியில் எண்ணெய் தன் அறையை விட்டுக் கசிந்து கீழே இறங்கியிருக்கும். அந்நிலையில் அளவுக்கோலைப் பார்த்துக் குறைவென்று எண்ணி மேலும் ஊற்றினால் அது மிகையாகும். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்திய பின்னரே அளவு பார்க்க வேண்டும்.