டிக்டாக் போனது, ஸ்க்ரோல் போகவில்லை: மதுரைக் கிளையின் தடைக்குப் பிறகு நடந்தது என்ன?

2019 சித்திரைத் திருவிழாவை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 18-ம் தேதி மாசி வீதிகளில் தேரோட்டம். அதே நாளில் மக்களவைத் தேர்தல். திருவிழாக் கூட்டத்தை மனதில் வைத்து மதுரையில் இரவு 8 மணி வரை ஓட்டுப் போட நேரம் கொடுத்தார்கள். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார். அந்த வாரத்தில்தான் கூகுள் பிளே ஸ்டோரிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் டிக்டாக்கைத் தேடினால், ஆளைக் காணோம்!

காரணம், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஆபாச வீடியோக்கள் பரவுகின்றன, சிறுவர்கள் முன்பின் தெரியாதவர்களிடம் சிக்கும் ஆபத்து இருக்கிறது என்று தொடரப்பட்ட பொதுநல வழக்கில், ஏப்ரல் 3-ம் தேதி இடைக்கால உத்தரவு வந்தது. டிக்டாக்கை டவுன்லோடு செய்யத் தடை. அதில் எடுத்த வீடியோக்களை டிவியில் ஒளிபரப்பவும் தடை.

கவனிக்க வேண்டிய சின்ன விஷயம்: தடை டவுன்லோடுக்குத்தான். ஏற்கெனவே போனில் ஆப் வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மாறவில்லை. தடையால் ஒரு நாளைக்கு 5 லட்சம் டாலர் வரை நஷ்டம் என்று நிறுவனம் கோர்ட்டில் முறையிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பியது. ஏப்ரல் 24-ம் தேதி, ஆபாச வீடியோக்கள் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் மதுரைக் கிளையே தடையை நீக்கியது. கணக்குப் பார்த்தால் மூன்றே வாரம்.

இந்த வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது 'என்ன வீடியோ' என்பது. அந்த வீடியோ ஒருவரின் கண்ணுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

திறந்ததுமே ஓடும் வீடியோ

அதுவரை ஃபேஸ்புக்கில் ஏதாவது பார்க்க வேண்டும் என்றால் நண்பர்கள் வேண்டும், பக்கங்களை லைக் செய்திருக்க வேண்டும். டிக்டாக்கில் எதுவும் தேவையில்லை. திறந்ததுமே வீடியோ ஓடும். பிடிக்கலையா? கட்டைவிரலால் ஒரு தள்ளு, அடுத்தது வந்துவிடும்.

அடுத்தது எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? 2020 ஜூனில் டிக்டாக்கே இதற்கு விளக்கம் கொடுத்தது. ஒரு வீடியோவைக் கடைசி வரை பார்த்தீர்களா என்பது வலுவான அடையாளம். வீடியோ போட்டவருக்கு எத்தனை ஃபாலோயர்கள் என்பது நேரடிக் கணக்கில் இல்லை. அதாவது, நீங்கள் லைக் போடாவிட்டாலும் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதை ஆப் குறித்துக்கொள்கிறது.

இதில் ஒரு நியாயமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஃபாலோயர் இல்லாத, டைப் செய்யக்கூடத் தெரியாத, உசிலம்பட்டி பக்கத்து ஆள் ஒருவரின் வீடியோ ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கானோருக்குப் போக முடிந்தது இதனால்தான். சினிமா வாய்ப்புக்குச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. கண்ட வீடியோவும் சிறுவர்களின் போனுக்குள் வந்தது எப்படி என்றால், அதுவும் இதே வழியில்தான்.

முடிவில்லாமல் நகரும் இந்தப் பக்கம் டிக்டாக்கின் கண்டுபிடிப்பு இல்லை. 2006-ல் அமெரிக்க வடிவமைப்பாளர் அஸா ரஸ்கின் உருவாக்கியது. அதற்கு முன் பக்கம் முடிந்தால் 'அடுத்து' என்ற பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தும் அந்த ஒரு நொடியில், 'போதும்' என்று போனை வைத்துவிட வாய்ப்பு இருந்தது. பட்டன் போனது, அந்த நொடியும் போனது. இதை உருவாக்கியதற்காக ரஸ்கினே பின்னாளில் வருத்தம் தெரிவித்தார்.

ஒரே ராத்திரியில்

2020 ஜூன் 29. மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தது. டிக்டாக்கும் அதில் ஒன்று. இந்த முறை காரணம் தேசப் பாதுகாப்பு. டிக்டாக்கில் சேர்த்த ஃபாலோயர்களை வேறு ஆப்புக்குத் தூக்கிக்கொண்டு போக வழி இல்லை. உடன்குடி ஜி.பி.முத்து போன்றவர்கள் யூடியூபுக்கு வந்து, கடிதம் படித்து, பிக்பாஸ் வீடு வரை போனார்கள். அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்தவர்களோ பெரிதாகக் காத்திருக்கவில்லை. பத்தே நாளில் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். அதே முழுத்திரை, அதே தள்ளு. இன்று மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் கட்டைவிரலைப் பாருங்கள். ஆப் மாறியதே அதற்குத் தெரியாது.

வடிவத்தை மாற்றினால்?

மாற்ற முடியும் என்பதற்கு நம் போனிலேயே சாட்சி உண்டு. 2018-ல் 'பிள்ளை பிடிப்பவர்கள்' என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி நாட்டின் பல இடங்களில் அப்பாவிகளை அடித்துக் கொன்றார்கள். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு வயதான பெண்மணி இப்படித்தான் இறந்தார். ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 சாட்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. பிறகு உலகம் முழுக்க. இதனால் ஃபார்வர்டுகள் 25 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. ஆப்பைத் தடை செய்யவில்லை, ஒரு எண்ணை மாற்றினார்கள், அவ்வளவுதான். வதந்தி ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. குடும்ப குரூப்பில் இருப்பவர்களுக்கே அது தெரியும்.

2025 டிசம்பரில் இதே மதுரைக் கிளை, இணையத்தில் சிறுவர் பாதுகாப்பு தொடர்பான இன்னொரு வழக்கில், ஆஸ்திரேலியாவைப் போல 16 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டுப்பாடு கொண்டுவரும் சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது. சட்டம் வந்தால் 15 வயதுப் பையனுக்குக் கதவு மூடும். அவனுடைய அண்ணனுக்கு, 17 வயதில், அதே முடிவில்லா ஃபீட் திறந்தே இருக்கும்.

ஐரோப்பாவில் கேள்வியை வேறு மாதிரி கேட்டார்கள். பயனரின் பழக்கத்தைக் கண்காணிக்காத ஒரு ஃபீடும் வேண்டும் என்பது 2023 முதல் அங்கே பெரிய தளங்களுக்குச் சட்டக் கட்டாயம். இங்கே இருப்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை ஆஃப் செய்து, பழையதையும் அழித்தால் முகப்பில் பரிந்துரைகள் வராது. இன்ஸ்டாகிராமில் நீங்கள் ஃபாலோ செய்பவர்களை மட்டும் காட்டும் பக்கம் 2022-ல் வந்தது. ஆனால் அதையே முகப்பாக நிரந்தரமாக வைத்துக்கொள்ள அப்போது வழி கொடுக்கவில்லை. 2025-ல் அதே நிறுவனம் இந்தியாவில் சோதித்துப் பார்த்தது வேறொன்றை: ஆப்பைத் திறந்ததும் நேராக ரீல்ஸ்.