தன் பிழையைத் தானே தேடும் மனம்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் பெருஞ்சாலையில், கூடுவாஞ்சேரியை அடுத்து, ஸோகோ நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி உள்ளது. 2005-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கப்பெற்ற இம்முயற்சியில், பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களுக்குக் கட்டணமின்றி, மாத உதவித்தொகையும் அளித்து, கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்பிக்கின்றனர்.

கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை இத்தொழிலுக்கு ஏற்றவன் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கணக்கறிவு வேண்டுவதுதான். ஆயினும், பயிற்சிக் காலத்தில் வளரவேண்டிய தலையாய குணம், தன் பிழையைக் கண்டு கலங்காதிருத்தல் என்றே கூறுவோம். பன்னிரண்டு ஆண்டுகள் சிவப்பு மைக்கு அஞ்சி, பிழையை மறைக்கப் பழகிய பிள்ளைக்கு இது எளிதன்று. ஒரு குறி விடுபட்டாலும் நிரல் நின்றுவிடலாம். இயந்திரம் திட்டுவதுமில்லை, தேற்றுவதுமில்லை. சிலர் இயந்திரத்தைப் பழிப்பர். சிலர் தமக்கு மூளையே இல்லையென்று முடிவு கட்டுவர். தமிழ்வழியில் பயின்ற பிள்ளைக்கு, திரையில் தோன்றும் ஆங்கிலப் பிழைச்செய்தியை அஞ்சாமல் இறுதிவரை படிப்பதே முதற்பயிற்சி.

நிரலைத் தன் மானத்தோடு பிணைத்துக்கொள்பவன் அதிலுள்ள பிழையைக் காணமாட்டான். ஆதலின் சக ஊழியர் படித்துத் திருத்த இசையவேண்டும் என்று ஜெரால்ட் வைன்பர்க் 1971-இல் தம் நூலில் வற்புறுத்தினார். மறு ஆண்டு டியூரிங் பரிசுரையில் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர், நிரலாளருக்குப் பணிவு வேண்டுமென்றார். அவர் கூறிய பணிவு, தன் மூளையின் எல்லையை அறிந்து, அதற்கேற்பச் சிறுசிறு பகுதிகளாக வேலை செய்வது.

சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஐ.பி.எம். 370 கணிப்பொறி நிறுவப்பெற்ற காலத்தில், துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருப்புக்கு அஞ்சியே அட்டைகளைப் பலமுறை சரிபார்த்தனர். இன்றோ இமைப்பொழுதில் விடை வருகிறது. அங்கொன்றும் இங்கொன்றும் மாற்றி, ஏன் ஓடுகிறதென்று அறியாமலே ஓடவைத்துவிடலாம். நிரலையே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் இச்சோதனை பெருகிவிட்டது. ஆகவே, என்ன விடை வருமென்று முதலில் தாளில் எழுதச் சொல்லும் ஆசிரியரை நாம் மெச்சுகிறோம்.

பெருங்களத்தூரிலோ குரோம்பேட்டையிலோ மின்ரயிலை விட்டிறங்கி வீடு திரும்பும் பிள்ளையிடம், "எத்தனை மார்க்கு?" என்று கேட்பதைவிட, "இன்று எது ஓடவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கும் தாய்க்கோ பாட்டிக்கோ கணிப்பொறி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியாக விளக்கிக்கொண்டே வரும் பிள்ளை, பல வேளைகளில் பாதியிலேயே நிறுத்திவிட்டு, தன் பிழையைத் திருத்த எழுந்து போய்விடும்.